தரவு செல்லும் குழாய்வழி

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளையின் உள்ளீடாக்கித் தொடுப்பதே குழாய்வழி முறையாகும். தோட்டத்து நீர்க்குழாய்களைப் போல் நிரல்களையும் இணைக்க வழி வேண்டுமென்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964இல் எழுதினார். 1973இல் கென் தாம்சன் அதனை யூனிக்ஸ் இயங்குதளத்தில் நிறைவேற்றினார். கட்டளைகளுக்கிடையே இடப்படும் செங்குத்துக் கோடே இன்று அதன் குறியீடு.

மாணவர் கட்டுரையொன்றில் எச்சொல் மிகுதியாக வருகிறது என்று அறிய விரும்புவதாகக் கொள்வோம். முதற்கட்டளை வரிக்கொரு சொல்லாகப் பிரிக்கும். அடுத்துள்ள ‘சார்ட்’ அவற்றை வரிசைப்படுத்தும். மூன்றாவதான ‘யூனிக்’ ஒத்த சொற்களை ஒன்றாக்கி எண்ணிக்கையிடும். நான்காவது, மிகுதியானதை முதலில் வைத்து அடுக்கும்.

இரண்டாம் படியை விட்டுவிட்டால் என்னவாகும்? ‘யூனிக்’ அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். ‘மொழி, நாடு, மொழி’ என்று வந்தால், ‘மொழி’ இரண்டு என்பதற்கு மாறாக, ‘மொழி’ ஒன்று எனத் தனித்தனியே இருமுறை பதிவாகும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தவறான விடை சரியானதுபோல் நிற்கும். ஆதலின், விடையறிந்த சில சொற்களைக் கொண்டு ஒவ்வொரு படியின் வெளியீட்டையும் பார்த்த பின்னரே அடுத்த படியைத் தொடுக்க மாணவரைப் பழக்குதல் வேண்டும்.

தமிழுக்கு மற்றொரு தேவையும் உண்டு. ‘மொழி’, ‘மொழியை’, ‘மொழியில்’ ஆகிய மூன்றும் இக்கட்டளைகளுக்கு வெவ்வேறு சொற்களே. வேற்றுமை உருபை நீக்கும் நிரலொன்றை எழுதி, முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே தொடுக்கலாம். ஏனைய படிகளில் எம்மாற்றமும் தேவையில்லை. குழாய்வழியின் பெரும்பயன் இதுவே.