சேமிப்பகத்தின் எல்லையும் தொகுதியின் அளவும்

தொலைவிலுள்ள கணினியொன்றின் வட்டினை, வலையமைப்பின் வழியே தன் சொந்த வட்டுப்போலக் கையாளும் முறையொன்று லினக்ஸ் இயக்கமுறைமையில் உண்டு. பவெல் மாஹெக் என்பார் 1997 இல் அதனை எழுதத் தொடங்கினார். அவ்வட்டு எத்துணைப் பெரிதாயிருத்தல் கூடும்?

வட்டிலுள்ள தரவுகள் தொகுதி தொகுதியாக எண்ணிடப்படுகின்றன. தொகுதியெண்ணை எழுத 32 பிற்று இடமே ஒதுக்கப்பட்டிருப்பின், 4,294,967,296 தொகுதிகளுக்கு மேல் எண்ணிட இயலாது. தொகுதியொன்று 512 பைற்றாயின் எல்லை 2,199,023,255,552 பைற்று. அஃதாவது ஏறத்தாழ 2 டெராபைற்று. தொகுதியை 4,096 பைற்றாக்கின் எல்லை எண்மடங்காகும்.

எல்லையைச் சரிபாராத மென்பொருளில், மிகுந்த இலக்கம் உதிர, எண் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஈற்றில் எழுதவேண்டியது வட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, கோப்புக்களைக் காட்டும் அட்டவணையையே அழித்துவிடும். நிரம்பிய சாக்கிலிருந்து நெல் சிந்துவதைக் கண்ணாற் காணலாம். இவ்வழிவோ எவ்வறிவிப்புமின்றி நிகழ்வது.

பெருந்தொகுதிக்கும் விலையுண்டு. ஒரு பைற்றை மாற்றுதற்கு 4,096 பைற்றையும் பெற்று, திருத்தி, மீள அனுப்ப நேரிடும்.

மாஹெக்கின் முறையில் வலையமைப்பிற் செல்லும் கோரிக்கை, இடத்தை 64 பிற்றிற் பைற்றுக் கணக்காகவே குறிக்கின்றது. ஆகவே தடை கம்பியில் இல்லை. 512 பைற்றுத் தொகுதியை 32 பிற்றில் எண்ணும் பழைய பகிர்வு அட்டவணையை அவ்வட்டில் எழுதினால், 2 டெராபைற்றுக்கு அப்பாலுள்ள இடம் பயன்படாது கிடக்கும்.