கடல் குடிநீரான துறை

சிங்கப்பூரில் கிளார்க் கீயில் படகு ஏறினால் மரினா பே வரை போய்த் திரும்ப நாற்பது நிமிடம். பழைய பாணி மரப்படகு. முகப்பில் இரண்டு பெரிய கண்கள் தீட்டியிருக்கும். கடலில் படகுக்கு வழி தெரிய வேண்டும் என்று சீனப் படகோட்டிகள் வரைந்த கண்கள். அரிசி மூட்டையும் ரப்பர் பொதியும் அடுக்கிய இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். படகு பேட்டரியில் ஓடுவதால் பேச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது.

தமிழர்கள் தொங்கான் என்று சொன்ன சரக்குப் படகுகள் இந்த ஆற்றை அடைத்துக்கொண்டு நின்ற காலம் உண்டு. ஆனால் தொடக்கத்தில் இங்கே படகுத் தொழிலில் முன்னே நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், சூலியாக்கள். சீனர்களின் கைக்கு அது பிறகுதான் போனது. 1869இல் கட்டிய கவனா பாலம் தாழ்வானது. கடல் ஏறி நின்றால் படகு அதன் அடியில் நுழையாது. நீர் வடியும்வரை படகுக்காரர்கள் காத்துக் கிடப்பார்கள். இன்று படகில் அதே பாலத்தின் அடியில் எந்த நேரத்திலும் போகலாம். ஏனென்றால் இங்கே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை.

காரணம் மரினா அணைக்கட்டு. 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே ஒன்பது எஃகு மதகுகள். 2008இல் திறந்தார்கள். அதன் பிறகு பெய்த மழையே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. கப்பல்கள் நங்கூரமிட்ட குடா, இரண்டே ஆண்டில் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இங்கே வந்து சேர்கிறது. கனமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகைத் தாழ்த்தி நீரை வடிய விடுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் பம்புகள் இறைத்துக் கொட்டும்.

சாக்கடை நாற்றம் அடித்த அந்தப் பழைய ஆற்றுக்காக எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை. 1977இல் தொடங்கிப் பத்தாண்டு தூய்மை செய்தார்கள். சரக்குப் படகுகளை 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அண்டை நாட்டிலிருந்து குழாயில் தண்ணீர் வாங்கும் ஒரு தீவு, தன் கடல்வாயிலையே குடிநீராக்கியது பெரிய காரியம். மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கடல் கடந்து வந்தவர்கள் இறங்கிய கரை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. இந்தக் குடாவில் 1933இல் திறந்த கிளிஃபோர்டு துறையில் எத்தனையோ பேர் கால் வைத்தார்கள். அணை வரப்போவதால் 2006இல் அதை மூடி, படகுகளை மரினா சவுத் துறைக்கு மாற்றினார்கள். அந்த மண்டபம் பிறகு உணவகமானது.

இன்னும் பழைய கரையைப் பார்க்க வேண்டுமானால் இறங்கி நடக்க வேண்டும். தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடலோரம். கடல் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்தவர்கள் நன்றி சொல்ல எழுப்பிய வழிபாட்டிடங்கள் வரிசையாக அங்கே நிற்கின்றன. சூலியாக்கள் 1830 வாக்கில் கட்டி முடித்த நாகூர் தர்கா இருக்கிறது. அதன் முகப்பு உச்சியில் பொம்மை வீட்டுக்கு வைத்தது போலக் குட்டிக் குட்டி வாயில்களும் சன்னல்களும். நாகூர் ஆண்டவரை ஊரோடு தூக்கி வந்துவிட்ட ஆசை அதில் தெரிகிறது. சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றே அழைத்தார்கள். வாசலில் அலை அடித்த இடத்தில் இன்று வங்கிக் கோபுரங்கள். கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலம் அவ்வளவு தூரம் போய்விட்டது.

சிங்கப்பூர் போகிறவர்கள் மெர்லயன் முன் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து குச்சுப் பள்ளிக்குப் பத்து நிமிட நடைதான்.