சாம்பாரில் கரையும் மாத்திரை

மனநோயாளருக்குச் செவிலியர் ஆற்றும் பணி என்றதும், 1794 முதல் நடந்துவருகிற கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் வார்டுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அப்பணியின் கடினமான பகுதி, நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, மாத்திரைப் பொட்டலத்தோடு ஐயப்பன்தாங்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, பக்கத்துத் தெருவிலுள்ள வாடகை வீட்டுக்குள் நுழைந்த பிறகே ஆரம்பமாகிறது.

அந்த வீட்டில் அண்டை அயலார் அறியலாகாது என்ற அச்சமும், அறிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற கவலையும் இரவும் பகலும் குடியிருக்கின்றன. “எனக்கு ஒண்ணுமில்லை, மாத்திரை வேண்டாம்” என்று மகன் தட்டிவிடுகிறான். வார்டிலாவது, “நாக்கைத் தூக்கிக் காட்டுங்க” என்று கேட்டு, விழுங்கியதை உறுதி செய்துகொள்ளச் சிஸ்டர் இருந்தார்; இங்கே தாய் ஒருத்திதான். ஆகவே அவள் மாத்திரையைப் பொடித்து, யாரும் காணாமல் சாம்பாரில் கரைத்துவிடுகிறாள். எத்தனையோ குடும்பங்களில் நடப்பதும், எவரும் வாய்விட்டுச் சொல்லாததுமான இந்த ரகசியமே என்னை மிகவும் கலங்கச் செய்கிறது.

மனச்சிதைவு நோய் கண்டவர்களை வாட்டும் பயங்களுள், சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்பது மிகச் சாதாரணமான ஒன்று. அது வெறும் பிரமை என்று மருத்துவர் சொல்கிறார். பிரமைதான் என்று தாயும் சத்தியம் செய்கிறாள். செய்த கையாலேயே கலந்தும் வைக்கிறாள். “இட்லி ஏம்மா கசக்குது?” என்று கேட்கிற ஒரு நாளில் உண்மை வெளிப்பட்டால், மருந்தோடு உணவையும், உணவோடு தாயையும் அவன் ஒருங்கே துறந்துவிட நேர்கிறது.

ஆபத்து உறவோடு நின்றுவிடுவதுமில்லை. சில மருந்துகள், ஓரிடத்தில் உட்காரவொட்டாத ஒரு தவிப்பை உண்டாக்கும். நோய்தான் முற்றிவிட்டதென்று எண்ணி, மறுநாள் இன்னும் ஒரு மாத்திரையைச் சேர்த்துக் கரைப்பவர்கள் உண்டு. லித்தியம் என்னும் மருந்தின் விஷயம் இதனினும் நுட்பமானது. இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.2 மில்லி ஈக்குவலண்ட் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்து வெயிலில் உடல்நீர் வற்றினாலும், வாந்தியோ பேதியோ கண்டாலும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும், அளவு ஏறி விஷமாகலாம். கை நடுக்கம், நா குழறல், தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். தான் லித்தியம் உட்கொள்வதையே அறியாத மனிதன் எந்த அறிகுறியை யாரிடம் போய்ச் சொல்வான்?

1952-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கிறேன். பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியதும், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் நம்பிக்கையே சிகிச்சை என்று வற்புறுத்திய ஹில்டிகார்ட் பெப்ளாவின் நூல் அமெரிக்காவில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மாத்திரை நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றது இன்னும் வரவில்லை.

வேறு வழியற்ற நெருக்கடியில் இவ்விதம் மறைத்து மருந்து கொடுப்பதே மேல் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. ஆனால் 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், விளக்கி, சம்மதம் பெற்றுச் சிகிச்சை தருவதையே பொது விதியாக வைத்திருக்கிறது. 2001-இல் ஏர்வாடியின் மனநோயாளர் காப்பகத்தில் மூண்ட தீயில், சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்ட தேசம் இது. சங்கிலியை இன்று அச்சட்டமே தடை செய்துவிட்டது. அடுக்களைக்குள் நடப்பதைச் சட்டம் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு செவிலியர் பார்க்க முடியும்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, பராமரிக்கும் முறையைப் பழகும் ஏற்பாடு பல்லாண்டுகளாக இருக்கிறது. தினசரி மாத்திரையை வெறுப்பவர்களில் சிலருக்கு, அவர்கள் அறிந்து ஏற்கும் மாதாந்தர ஊசி பொருந்துமா என்பதையும் அங்கேயே பேசித் தீர்க்கலாம். எல்லாக் குடும்பமும் வேலூருக்குப் போக இயலாதே!

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தமிழ்நாட்டில் பிறந்தது. அதே வழியில், மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், டிஸ்சார்ஜுக்குப் பின் முதல் சில மாதங்களேனும் வீடு தேடி வர வேண்டும். வந்தவர் தாயைத் தனியே அழைத்து, மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று குற்றஞ்சாட்டும் தொனியின்றிக் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னவளுக்கு, மருந்து திடீரென்று நின்றுபோகாமல், மருத்துவர் அறியக் கலப்பதை நிறுத்தி, மகன் கையிலேயே மாத்திரையைக் கொடுக்கும் வழியைக் கூடவே இருந்து பழக்க வேண்டும்.