வேலை நீக்கக் கடிதமும் அறுபது நாள் கணக்கும்

தோட்டத்தில் ஒருவருக்கு வேலை நீக்கக் கடிதம் வந்துவிட்டால் அன்று மாலைக்குள் லயம் முழுக்கச் சேதி பரவிவிடும். ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "பெரிய கிராணியைப் போய்ப் பாரு" என்பார் ஒருவர். "மானேஜர் கோபம் தணியட்டும், ரெண்டு வாரம் கழிச்சுக் கேப்போம்" என்பார் இன்னொருவர். "தலைவர்கிட்ட சொல்லியாச்சு, அவர் பார்த்துக்குவார்" என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தைரியம் சொல்வார் மூன்றாமவர். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் இந்த யோசனை எதுவும் காலண்டரில் ஒரு நாளைக்கூட நிறுத்தி வைக்காது. கடிதம் கையில் வந்த அன்றே சட்டத்தின் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது.

நம் தொழிலாளர்கள் நியாயம் இல்லாததால் தோற்பதைவிட, நாள் தவறியதால் தோற்பதுதான் நமக்கு அதிக வேதனை தருகிறது. ஆகவே இந்த வாரம் அந்த நாள் கணக்கைப் பற்றியே எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 20-ஆவது பிரிவு தொழிலாளிக்கு ஒரு பெரிய உரிமையைத் தருகிறது. தக்க காரணமோ நியாயமோ இல்லாமல் தன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று ஒரு தொழிலாளி கருதினால், பழைய வேலையைத் திரும்பக் கொடுக்கும்படி தொழிலுறவு இலாகாவின் தலைமை இயக்குநரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

ஆனால் வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அந்த மனு இலாகாவில் பதிவாகிவிட வேண்டும். நோட்டீஸ் கொடுத்து நிறுத்தியிருந்தால், நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனுக் கொடுக்கலாம். நோட்டீஸ் முடிந்து 60 நாளைத் தாண்டக் கூடாது. மார்ச் முதல் தேதி ஒருவரை உடனடியாக நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 30-ஆம் தேதி அவருக்கு அறுபதாவது நாள். ஞாயிறும் பெருநாளும் இந்தக் கணக்கில் சேர்ந்தே ஓடும்.

"ஒரு நாள் ரெண்டு நாள் பிந்தினா என்ன, பாவம்னு பார்க்க மாட்டாங்களா?" என்று கேட்கலாம். பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது. காலக்கெடு தாண்டிய மனுவை ஏற்கும் அதிகாரமே தலைமை இயக்குநருக்குக் கிடையாது. 1981-இல் ஃபுங் கியோங் என்ற ரப்பர்ப் பொருள் கம்பெனியின் வழக்கில், இந்தக் காலக்கெடு கண்டிப்பானது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிக்கு இரக்கம் இருந்தாலும் கதவு மூடியது மூடியதுதான்.

நாட்கள் எங்கே போகின்றன?

முதலாவது, சமாதானப் பேச்சில் போகின்றன. கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அப்பீல் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அப்பீல் எழுதுவதில் தப்பில்லை. ஆனால் அப்பீல் நடக்கிறதே, நாளும் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. அப்பீல் ஒரு பக்கம் நடக்கட்டும். மனு ஒரு பக்கம் போகட்டும்.

இரண்டாவது, தவறான அலுவலகத்தில் போகின்றன. இது நம்மவர்களிடம் மிக அதிகம். தொழில் இலாகா வேறு, தொழிலுறவு இலாகா வேறு. நாம் "லேபர் ஆபீஸ்" என்று சொல்வது தொழில் இலாகா. பெயர்ப் பலகையில் "ஜபாத்தான் தெனாகா கெர்ஜா" என்று இருக்கும். சம்பள பாக்கி, ஓவர்டைம், நோட்டீஸ் பணம், ஆட்குறைப்பு நஷ்டஈடு ஆகியவற்றைக் கேட்க வேண்டிய இடம் அது. போன வேலையைத் திரும்பக் கேட்க வேண்டிய இடம் "ஜபாத்தான் பெர்ஹுபுஙான் பெருசஹாஅன்" என்ற தொழிலுறவு இலாகா. லேபர் ஆபீசில் நோட்டீஸ் பணத்துக்கு மனுக் கொடுத்தவர், வேலை வழக்கும் அதோடு சேர்ந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறார். மூன்றாம் மாதம் உண்மை தெரியும்போது அவர் கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, பிறரை நம்பிப் போகின்றன. சங்கத்துக்குச் சொல்ல வேண்டியது அவசியம். சங்க அதிகாரிகள் இந்த வழக்குகளில் நமக்காகப் பேசலாம். என்றாலும், "மனுப் பதிவாகிவிட்டதா? முத்திரை போட்ட நகல் எங்கே?" என்று கேட்டு வாங்குவது தொழிலாளியின் வேலை. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

2021-இல் வந்த மாற்றம்

முன்பெல்லாம் இந்த மனு நேராக நீதிமன்றத்துக்குப் போய்விடாது. இலாகாவில் சமரசப் பேச்சு முறிந்தால் மனிதவள அமைச்சருக்கு அறிக்கை போகும். வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அமைச்சர் முடிவு செய்வார். அவர் மறுத்துவிட்டால் தொழிலாளி உயர் நீதிமன்றம் ஏறி அந்த மறுப்பை எதிர்க்க வேண்டும். பெரிய நீதிமன்றம் என்றால் பெரிய செலவு. மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பம் அதற்கு எங்கே போகும்? பலருக்கு அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும்.

சட்டத்தில் செய்த திருத்தம் 2021 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அமைச்சரின் அந்தச் சல்லடை எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது சமரசத்துக்கு வழியில்லை என்று தலைமை இயக்குநர் கண்டால், வழக்கை அவரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். காலத்தோடு மனுக் கொடுத்தவருக்கு நீதிமன்ற வாசல் திறந்தே இருக்கிறது. காலம் தவறியவருக்கு இந்தத் திருத்தத்தால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொரு நன்மையும் வந்தது. இலாகாவில் நடக்கும் சமரசப் பேச்சுக்கு இரு தரப்பும் வக்கீல் கொண்டுவர முடியாது. ஆனால் தொழிலாளி எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து, தலைமை இயக்குநரும் அனுமதித்தால், உறவினரோ நண்பரோ அவருக்காகப் பேசலாம். மலாய் பேசத் தயங்கும் பெரியவருக்கு, படித்த மகளோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அது எவ்வளவு பெரிய துணை!

காரணத்தைக் காட்ட வேண்டியவர் முதலாளி

"நோட்டீஸ் கொடுத்தாச்சு, பணமும் கட்டியாச்சு, இனி என்ன கேள்வி?" என்று சில நிர்வாகங்கள் சொல்வதுண்டு. இதற்கும் 1981-லேயே பதில் கிடைத்துவிட்டது. கூன் குவீ போய் என்பவர் ஜே அண்ட் பி கோட்ஸ் கம்பெனிக்கு எதிராக நடத்திய வழக்கில், முதலாளி ஒரு காரணம் சொல்லி நீக்கியிருந்தால் அந்தக் காரணம் மெய்தானா என்று ஆராய்வது தொழிலியல் நீதிமன்றத்தின் கடமை என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. காரணம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றால் அது நியாயமற்ற நீக்கம்தான். இன்றளவும் நீதிமன்றங்கள் எடுத்துப் பேசும் தீர்ப்பு இது.

ஆகவே செம்பனைக் குலை திருடினார், மண்டோரை அடிக்கப் போனார் என்றெல்லாம் குற்றம் சாட்டினால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது. நான் திருடவில்லை என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை.

அதற்கு முன் தோட்டத்து ஆபீசில் ஒரு விசாரணை நடக்கும். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து தள்ளி வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்த மீதியையும் கொடுக்க வேண்டும். "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, போய் என்ன பிரயோஜனம்?" என்று விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போங்கள். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். உங்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயரைச் சொல்லுங்கள். படித்துப் புரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால், "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியையும் போடுங்கள்.

பணக் கணக்கு

ஒழுங்கீனம் என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள். ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டின் விதிகளின்படி நஷ்டஈடு உண்டு. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்காதவர்களுக்கு இந்த விதி பொருந்தும்.

நாளுக்கு 66 வெள்ளி சம்பளத்தில் 18 வருடம் உழைத்தவருக்கு 360 நாள் சம்பளம், அதாவது 23,760 வெள்ளி வரும். ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 8 வார நோட்டீசும் உண்டு. அதே ஆளை விசாரணை நடத்தி ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் அந்த நஷ்டஈடு கிடையாது, நோட்டீசும் கிடையாது. பதினெட்டு வருடத்து வியர்வை ஒரு கடிதத்தில் காய்ந்துவிடுகிறது. அந்தக் கடிதத்தை எதிர்க்கத்தான் 60 நாள் தந்திருக்கிறார்கள்.

தொழிலியல் நீதிமன்றத்தில் வென்றால் பழைய வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம். அது ஒத்துவராது என்றால் அதற்குப் பதில் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். வேலை இல்லாமல் இருந்த காலத்துச் சம்பளமும் கேட்கலாம். நிரந்தரத் தொழிலாளிக்கு அதன் உச்ச வரம்பு 24 மாதம். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு 12 மாதம். இடையில் வேறு இடத்தில் சம்பாதித்தது கழிக்கப்படலாம். எல்லோருக்கும் முழுத் தொகை கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். மனுவில் கேட்க வேண்டியது வேலையை. "அந்த மானேஜர் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன், காசை மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்று ஆத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் வழக்கின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். பழைய வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதுதான் 20-ஆவது பிரிவு மனு.

வக்கீல் எங்கே வருகிறார்?

வழக்கு தொழிலியல் நீதிமன்றம் போன பிறகு, அதன் தலைவரின் அனுமதியோடு வக்கீல் வாதாடலாம். கம்பெனிகள் அநேகமாக வக்கீலோடுதான் வரும். "நம்மளால வக்கீலுக்கு எங்கே கட்ட முடியும்?" என்ற பயத்தில் அரை வழியில் வழக்கைக் கைவிடாதீர்கள்.

தீபகற்பத்தில் வழக்கறிஞர் மன்றம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சட்ட உதவி மையங்களை நடத்தி வருகிறது. இதற்கு ஒவ்வொரு வழக்கறிஞரும் வருடத்துக்கு 100 வெள்ளி தருகிறார். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை சொல்வார்கள். தகுதி இருந்தால் வக்கீல் ஏற்பாடு செய்வதும் உண்டு. மாநில வழக்கறிஞர் குழுவின் அலுவலகத்தில் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தாலும் அங்கேயே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அது வேலை வழக்கிலிருந்து தனி விஷயம். தனியாக ஆலோசனை கேட்க வேண்டியது.

அந்த மையத்தில் இலவசமாக வாதாட வருபவரும் முதலில் கேட்பது, "எந்தத் தேதியில் நிறுத்தினார்கள், எந்தத் தேதியில் மனுக் கொடுத்தீர்கள்?" என்பதுதான். இரண்டுக்கும் இடையில் 61 நாள் இருந்தால், எவ்வளவு கெட்டிக்கார வக்கீலாலும் அந்த ஒரு நாளைத் திருப்பித் தர முடியாது.

இப்படிச் செய்யுங்கள்

கடிதம் வந்த உறையை எறியாதீர்கள். கிடைத்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், அடையாளக் கார்டு நகல், நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே, வேலை செய்த தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தொழிலுறவு இலாகா அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்து, பதிவு செய்ததற்கான முத்திரை நகலைக் கேட்டு வாங்குங்கள். சம்பள பாக்கி இருந்தால் தொழில் இலாகாவுக்குத் தனியாகப் போங்கள். சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்ட தேதியில் தவறாமல் போங்கள். வீடு மாறினால் புது முகவரியை இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

தோழர்களே, இன்று பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நம் பெயரும் இருக்கிறது என்பதால் இது நமக்கு வேண்டாத விஷயம் என்று எண்ண வேண்டாம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தாத்தா பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் இதை ஒரு தடவை வாசித்துக் காட்டட்டும். அறுபது நாள் என்ற கணக்கு ஒவ்வொரு லயத்திலும் ஒருவருக்காவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.