வடபுலத்து ஏரிகளும் தூண்டில் வேட்டையும்

வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, ஐக்கிய அமெரிக்காவைச் சார்ந்த மினசோட்டா மாநிலமும் கனடா நாட்டின் ஒன்டேரியோ மாகாணமும் எல்லை தொட்டு நிற்கும் பகுதியில் ஏரிகள் மிகப் பல. மினசோட்டாவில் மட்டும் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் 11,842 எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை மனிதர் கரையிட்டுத் தேக்கியன அல்ல. பண்டைக் காலத்தில் அந்நிலத்தை மூடிக் கிடந்த பெரும் பனிப்பாளங்கள் நகருங்கால் மண்ணையும் பாறையையும் அகழ்ந்து சென்றன. பாளங்கள் உருகியபோது அப்பள்ளங்களில் நீர் நிறைந்தது. இரு நாடுகளுக்கும் பொதுவாகக் கிடக்கும் 'வனங்களின் ஏரி'யில் 14,000-க்கு மேற்பட்ட தீவுகள் உள்ளன என்றால் அதன் பரப்பை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் இவ்வேரிகளின் மேற்பரப்பு உறைந்து, வண்டிகள் ஓடுமளவுக்கு வன்மை பெறும். வேனில் அணுகப் பனிக்கட்டி உடைந்து உருகும். மே மாத நடுவில், ஒரு சனிக்கிழமையன்று, மினசோட்டாவில் தூண்டில் பருவம் தொடங்கும். அந்நாளை மக்கள் ஒரு திருவிழாப் போலவே எதிர்நோக்குகின்றனர். மாநில ஆளுநரே மக்களோடு கூடித் தூண்டிலிடும் வழக்கம் 1948 முதல் அங்கு நிலவுகிறது. தந்தையும் மக்களும், பேரனை உடனழைத்த பாட்டனும், பள்ளிக்கால நண்பர்களுமாகக் குழுக் குழுவாகப் புறப்பட்டு, ஏரிக்கரை மரக்குடில்களில் ஒரு வாரம் தங்குவர். சென்ற ஆண்டு தங்கிய குடிலையே இவ்வாண்டும் நாடுவோர் பலர்.

அவர்கள் தேடிச் செல்லும் மீன்கள் சிறப்பாக மூன்று. முதலாவது பைக் என்பது. நீண்டு மெலிந்த உடலும், வாத்தின் அலகு போன்ற தட்டையான வாயும், அதில் நிறைந்த கூரிய பற்களும் உடையது. இருண்ட பச்சை உடலில் வெளிறிய புள்ளிகள் விளங்கும். நீர்ப்பாசிகளிடையே அசையாது நின்று, இரை அணுகியதும் அம்பு போற் பாயும். சாதாரணத் தூண்டிற் கயிற்றை அதன் பற்கள் எளிதில் அறுத்துவிடுமாதலின், தூண்டில் முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி ஒன்றை இணைத்துக்கொள்வர்.

இரண்டாவது மஸ்கி. இது பைக்கின் நெருங்கிய உறவு. ஆயினும் அதனினும் பெரிது. இதன் பெயர் அவ்வேரிக்கரைகளின் தொல்குடியினரான ஓஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. இரண்டையும் வேறுபிரித்தறிய வழி உண்டு: பைக்கின் உடல் இருண்டு புள்ளிகள் வெளிறியிருக்கும், மஸ்கியின் உடல் வெளிறிக் கோடுகளோ புள்ளிகளோ இருண்டிருக்கும். மஸ்கியைப் பிடித்தல் எளிதன்று. பதினாயிரம் முறை வீசினாற்றான் ஒரு மஸ்கி அகப்படும் என்று தூண்டிற்காரர் சொல்வதுண்டு. இது மிகைக் கூற்றேயெனினும், நாள் முழுதும் வீசிக் களைத்து வெறுங்கையோடு மீள்வோர் பலர் என்பது மெய். மரத்தாலோ உலோகத்தாலோ செய்த போலி இரையைப் பின்தொடர்ந்து மஸ்கி படகின் அருகுவரை வரும். வந்தும் கவ்வாமல் நிற்கும். அப்போது தூண்டிற்காரர் இரையை வெளியே எடுத்துவிடாமல், கோலின் நுனியை நீருள் அமிழ்த்தி, 8 என்னும் எண் வடிவில் மெல்லச் சுழற்றுவர். கண்ணெதிரே, கைக்கெட்டும் தொலைவில், அப்பெருமீன் வாய் திறந்து பாய்வதுமுண்டு.

மூன்றாவது வால்ஐ. நம் நாட்டு வாளைக்கும் இதற்கும் பெயரொலியில் ஒப்புமை உண்டேயன்றி இனத் தொடர்பு இல்லை. மினசோட்டா அரசு 1965-இல் இதனைத் தன் மாநில மீனாக ஏற்றது. பசுவின் கண்ணிலும் பூனையின் கண்ணிலும் உள்ளதுபோல் இதன் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. ஆகவே மங்கிய ஒளியிலும் இதற்குப் பார்வை நன்கு அமையும். அந்தியிலும் விடியலிலும், காற்று வீசி அலை புரண்டு நீருள் வெளிச்சம் குன்றிய வேளையிலும் இது இரை தேடும். தூண்டிற்காரர் உயிருள்ள சிறுமீனையோ அட்டையையோ முள்ளிற் கோத்து, ஏரியின் அடித்தளத்தை ஒட்டிச் செலுத்துவர். சுவையில் இதனை மிஞ்சும் ஏரிமீன் அங்கு இல்லை என்பது அவர்கள் துணிபு. நண்பகலில் ஏதேனும் ஒரு தீவில் படகை நிறுத்தி, விறகு மூட்டி, காலையிற் பிடித்த வால்ஐ மீனை முள் நீக்கி, மாவிற் புரட்டி, உருளைக்கிழங்கோடு பொரித்து உண்பர். பயணத்தின் பிற நிகழ்ச்சிகள் மறந்தாலும் இவ்வுணவு மறப்பதில்லை.

முற்காலத்தில் பெருமீன் ஒன்று அகப்பட்டால் அதனைக் கொன்று, பாடம் செய்து, சுவரில் மாட்டிவைப்பதே பெருமையாகக் கருதப்பட்டது. அவ்வாறு மாட்டப்பட்டவை முட்டையிடும் முதிர்ந்த பெண்மீன்களாதலின், ஏரிகளில் மஸ்கி அருகியது. 1966-இல் மினசோட்டாவில் மஸ்கி காக்கும் சங்கம் ஒன்று தோன்றி, பிடித்ததை மீண்டும் நீரில் விடும் பழக்கத்தைப் பரப்பியது. இப்போது அம்மாநிலத்தின் பெரும்பாலான நீர்நிலைகளில் 54 அங்குலத்திற்குக் குறைந்த மஸ்கியை எவரும் வைத்துக்கொள்ளலாகாது. மீனை வலையிலேயே நீருள் நிறுத்தி, இடுக்கியால் முள்ளைக் கழற்றி, அளந்து, படம் எடுத்துக்கொண்டு, அது தானே நீந்திச் செல்லும்வரை வாலைத் தாங்கிப் பிடித்திருந்து விடுவர்.

விடாது பிடித்தால் விளைவது யாது என்பதை வனங்களின் ஏரிக்குத் தெற்கே உள்ள செந்நீர் ஏரி காட்டிற்று. 'ரெட் லேக்' எனப்படும் இவ்வேரி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. இதன் பெரும்பகுதி ஓஜிப்வே மக்களுக்கு உரியது. கிழக்கில் ஒரு பகுதி மட்டும் மாநிலத்தைச் சார்ந்தது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், உணவுத் தேவையை முன்னிட்டு இங்கு வால்ஐ மீனை வலையிட்டுப் பிடித்து வெளியூர்களுக்கு விற்கும் தொழில் தொடங்கியது. பிற்காலத்தில் வலைஞரும், தூண்டிற்காரரும், களவாகப் பிடித்து விற்றோரும் என எல்லாரும் அளவிறந்து எடுத்தனர். 1990-களின் நடுவில் அம்மீன் ஏறத்தாழ இல்லாதொழிந்தது. வலைஞர் இல்லங்களில் வருவாய் நின்றது. கிழக்குக் கரையில் பயணிகளை நம்பியிருந்த குடில்களிலும் ஆள்வரவு குறைந்தது.

அப்போது ஓஜிப்வே வலைஞர் செய்த செயல் போற்றத்தக்கது. 1997-இல் அவர்களே கூடி வாக்களித்துத் தம் வலைத்தொழிலை நிறுத்தினர். அரசின் ஆணைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. 1999-இல் அவர்களும் மாநில அரசும் நடுவணரசின் துறையும் உடன்படிக்கை செய்தபின், வால்ஐ மீனை ஏரி முழுவதிலும் எவரும் பிடிக்கலாகாதென்று தடை நிலவியது. அவ்வாண்டிலும், 2001-இலும், 2003-இலும் கோடிக்கணக்கான மீன்குஞ்சுகளை ஏரியில் விட்டனர். குஞ்சுகள் பருவமடைந்து முட்டையிடும் வரை பொறுத்திருத்தலே எஞ்சிய வேலை.

2006 மே மாதத்தில் ஏரி மீண்டும் திறக்கப்பட்டது. கிழக்குக் கரைக் குடில்களுக்குப் பழைய குழுவினர் திரும்பி வந்தனர். அப்பருவத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு மீன்கள். அவற்றுள்ளும் 17 அங்குலம் முதல் 26 அங்குலம் வரை உள்ளவற்றை முட்டையிடுவதற்காக நீரிலேயே விட்டுவிட வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் இரு தரப்பு மீனியல் அறிஞரும் சோதனை வலை வீசி, அகப்பட்டவற்றின் வயதையும் நீளத்தையும் குறித்து, வரும் பருவத்தில் எத்தனை மீன் எடுக்கலாம் என்று கணக்கிட்டு வருகின்றனர்.