அம்மோனைட்டும் சிவப்புப் புழுவும்

முதுகெலும்பில்லா உயிர்களைக் கொண்டு நீரின் கதையை அறிவது அரியலூருக்குப் பழக்கமான வேலைதான். 1862-இல் புவியியலாளர் ஹென்றி பிளான்போர்டு இந்தப் பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். அவற்றில் புதைந்திருந்த சிப்பி, நத்தை, அம்மோனைட்டு (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிர்) ஆகியவற்றைப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா 1870-களின் தொடக்கம்வரை வகைப்படுத்தினார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அவைதான் சாட்சி.

ஓடும் நீரைச் சோதிக்க ஊராரிடம் கண்ணும் நாக்கும் இருந்தன. மருதையாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கலை இறைத்துக் கொட்டி, தெளிந்ததைக் கொட்டாங்குச்சியில் மொண்டு குடத்தை நிரப்பினார்கள். இன்று வீட்டு வாசலில் 20 லிட்டர் கேன் வந்து இறங்குகிறது. அண்டையிலுள்ள பெரம்பலூர் நகரில் 2001-இல் 37 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2011-இல் ஏறக்குறைய 50 ஆயிரம். மக்களோடு தளமும் தார்ச்சாலையும் பெருகினால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. தெரு எண்ணெயையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போகும்.

அந்த ஓடையைச் சோதிக்கப் புட்டியில் பிடித்த நீர் அந்த ஒரு வேளையின் நிலையைத்தான் சொல்லும். கல்லடியில் வாழும் பூச்சியோ பல வாரங்களாக அந்த நீரைச் சுவாசித்தது. அந்தப் பூச்சிகளைப் பிடிக்க, வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதன் முன்னே காலால் கற்களைக் கிளறுவார்கள். மே ஈயின் (mayfly) இளம்பூச்சி அகப்பட்டால் பெரும்பாலும் நல்ல சேதி. சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறையும்போது முதலில் மறைபவற்றில் அதுவும் ஒன்று. ரத்தத்தில் ஹீமோகுளோபின் உள்ள சிவப்புப் புழு மட்டும் சேற்றில் பெருகும். இப்படிக் கிடைப்பவற்றுக்கு மதிப்பெண் இட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை ஏ முதல் ஈ வரை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. கே.ஏ. சுப்பிரமணியனும் கே.ஜி. சிவராமகிருஷ்ணனும் 2007-இல் நீர்ப் பூச்சிகளைக் கொண்டு நீரை மதிப்பிடுவதற்கென ஒரு செய்முறை நூலே எழுதினார்கள்.

ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வற்றாத ஓடைக்குப் பொருந்தும் அளவுகோலை மருதையாற்றில் அப்படியே வைக்க முடியாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் ஆற்றில் பூச்சி இல்லாததற்கு நகரத்தை மட்டும் குற்றம் சொல்லலாமா? வடகிழக்குப் பருவமழைக்குப் பின், பச்சைமலை அடிவாரத்தையும் ஊருக்குக் கீழுள்ள துறையையும் ஒரே வாரத்தில் பார்த்து ஒப்பிடுவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அரியலூர் அருகே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். மே ஈக்கோ தமிழில் சொந்தப் பெயர்கூட நிலைக்கவில்லை. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட எங்களுக்கும், அது தன் இளமையைத் தண்ணீருக்கடியில் கழித்தது என்று அன்று தெரியாது.