நீரில் நுண்மாசும் மரபணுக் கத்தரியும்

நீரின் தூய்மையைக் கண்ணாலும் நாவாலும் அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆனால், அவ்வாறு அறிய இயலாத மாசுகளும் உள்ளன. உடலின் ஹார்மோன்களைப் போல் செயற்பட்டோ, அவற்றைத் தடுத்தோ கேடு விளைவிக்கும் வேதிப்பொருள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் பிஸ்பீனால்-ஏ, பூச்சிக்கொல்லியான டி.டி.டி., கருத்தடை மாத்திரைகளிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

இவற்றின் அளவு சிறிது, விளைவோ பெரிது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரியொன்றில் 2001 முதல் 2003 வரை எத்தினைல் எஸ்ட்ராடையால் கலக்கப்பட்டது. லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். அதாவது ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நீருக்கு ஒரு கிராம். ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்குரிய புரதம் தோன்றியது. சிறு மீனினம் ஒன்று அவ்வேரியில் அற்றுப்போகும் நிலையை எய்தியது. கலப்பது நின்றபின் சில ஆண்டுகளில் அம்மீனினம் மீண்டும் பெருகியது. காலத்தே கண்டறிந்து தடுத்தால் கேடு நீங்கும் என்பதே இதன் படிப்பினை.

இத்துணை நுண்ணிய அளவைக் கண்டறிய இன்று விலை மிகுந்த கருவிகளும் தேர்ந்த பணியாளரும் தேவை. இக்குறையைப் போக்கப் புதிய வழியொன்று ஆராயப்பட்டு வருகிறது. மரபணுவைத் திருத்தும் ‘கிரிஸ்பர்’ முறையை 2012-இல் வெளியிட்ட சார்பென்டியே, டவுட்னா ஆகிய இருவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். இம்முறையைச் சேர்ந்த ‘காஸ்-12ஏ’ என்னும் நொதி, தான் தேடும் டி.என்.ஏ.வைக் கண்டதும் அருகிலுள்ள ஒற்றை இழை டி.என்.ஏ.க்களையும் வெட்டுகிறது. மாசுப்பொருள் டி.என்.ஏ. அன்று, ஆகவே அதனைப் பற்றிக்கொள்ளும் புரதமோ டி.என்.ஏ. இழையோ இடையில் அமைக்கப்படுகிறது. மாசு வந்து சேர்ந்ததும், நொதியைத் தூண்டும் இழை விடுபடுகிறது. நொதி வெட்டிய இழைகள் ஒளிர்கின்றன. இங்கு எவ்வுயிரின் மரபணுவும் திருத்தப்படுவதில்லை.

தில்லியிலுள்ள அரசு ஆய்வு நிறுவனமொன்று உருவாக்கிய ‘பெலூடா’ என்னும் கோவிட் சோதனைக்கு 2020-இல் அனுமதி கிடைத்தது. கிரிஸ்பர் சோதனையை எளிய காகிதப் பட்டையில் நிகழ்த்த நம் நாட்டினரால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. எனினும், ஆற்றுநீரிலுள்ள சேறும் பிற இரசாயனங்களும் உணரியைத் தவறாகத் தூண்டக்கூடும். ஆதலின் ஆய்வகத்தில் உறுதிசெய்தல் இன்றியமையாதது.

மாசின் செலவை அதனை உண்டாக்குவோர் ஏற்பதில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் பருகுவோரும் மீன் பிடிப்போருமே சுமக்கின்றனர். அளவிடப்படாத தீங்கிற்கு எவரையும் பொறுப்பாக்க இயலாது. மலிவான உணரிகள் அந்த அளவீட்டை ஆற்றங்கரைக்கே கொணரலாம். அதன்மேல் வரம்பு விதித்து நடவடிக்கை எடுப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.